உராய்வுச் சோதனை சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

உராய்வு பாடத்தைச் சோதனையோடு நடத்தினால் ஒவ்வொரு ஆண்டும் அதே புகார்கள்தான் வரும். முள் நிற்காமல் ஆடுகிறது, பக்கத்துக் குழுவுக்கு வேறு மதிப்பு வருகிறது, கோடு ஆதிப்புள்ளியைத் தொடவே மாட்டேன் என்கிறது. இவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலான பிழைகள் மாணவரின் புரிதலில் இல்லை, பலகையிலும் நூலிலும் தராசிலும்தான் இருக்கின்றன. அதைத் தேடாமல் "மறுபடி செய்" என்று மட்டும் சொன்னால், புத்தகத்து மதிப்பு வரும்படி அளவீட்டை மாற்றி எழுத மாணவர்கள் பழகிவிடுவார்கள். ஆய்வகத்தில் ஒருவர் கற்கக்கூடிய மிகக் கெட்ட பழக்கம் அது.

வழக்கமான அமைப்பைத்தான் மனதில் வைத்து எழுதுகிறேன். கிடைமட்டப் பலகை, கொக்கி வைத்த மரக்கட்டை, சுருள்வில் தராசு அல்லது கப்பியும் எடைத்தட்டும், அப்புறம் ஒரு சாய்தளம். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் பலகையையும் கட்டையின் அடிப்பக்கத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். இழுக்கும் நூல் பலகைக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். பாதிப் புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: தராசின் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது, அளவு எடுக்க முடியவில்லை

*கை சீராக இழுக்கவில்லை.* இதுதான் முதல் சந்தேகம், பெரும்பாலும் சரியான சந்தேகமும் இதுவே. கட்டை சமவேகத்தில் போனால்தான் தராசு காட்டுவது உராய்வு விசைக்குச் சமம். கை வேகத்தைக் கூட்டினால் அளவு ஏறும், தளர்த்தினால் இறங்கும். பதினான்கு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து சமவேகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை, பெரியவர்களுக்கும் அது எளிதில் வராது.

இதற்கு ஒரு காசு செலவில்லாத தீர்வு உண்டு. கட்டையை இழுக்காதீர்கள், பலகையை இழுங்கள். தராசின் ஒரு முனையை அசையாத தாங்கியில் மாட்டி, மறுமுனையைக் கட்டையின் கொக்கியில் இணையுங்கள். கட்டைக்கு அடியில் உள்ள பலகையை ஒரு மாணவர் எதிர்ப்பக்கமாக இழுக்கட்டும். கட்டை இருந்த இடத்திலேயே நிற்கிறது, தராசும் நிற்கிறது, முள்ளும் ஏறக்குறைய நிற்கிறது. பலகை கொஞ்சம் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் கவலையில்லை. முடுக்கம் பலகைக்குத்தான், கட்டைக்கு இல்லை. நீளமான பலகை இல்லையென்றால் மேசைமேல் ஒரு நீளத் தாளை விரித்து அதை இழுத்தாலும் போதும், ஆனால் அப்போது நீங்கள் அளப்பது மரத்துக்கும் தாளுக்கும் இடையிலான உராய்வு. இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டாலே வகுப்பின் முகம் மாறிவிடுகிறது. மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதைச் செய்யுங்கள்.

*கட்டை விட்டுவிட்டுத் தாவுகிறது.* பலகையை இழுத்தும் முள் சீரான இடைவெளியில் ஏறி ஏறி விழுகிறதா? ஒட்டிக்கொள்வதும் நழுவுவதும் மாறிமாறி நடக்கிறது. மென்மையான சுருளும் மிக மெதுவான இழுப்பும் சேர்ந்தால் இது வரும். கொஞ்சம் வேகமாக இழுத்துப் பாருங்கள். தீரவில்லையென்றால் விறைப்பான சுருள் உள்ள தராசுக்கு மாறுங்கள்.

*அளவுகோல் பெரிது, விசை சிறிது.* 10 நியூட்டன் தராசை வைத்து 0.8 நியூட்டனை அளந்தால், முள் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஆடுவதே பெரிய பிழைதான். புதுத் தராசு வாங்க வேண்டாம், கட்டைமேல் எடையைக் கூட்டுங்கள். 200 கிராம் கட்டைமேல் 1 கிலோ வைத்தால் செங்குத்து விசை, அதாவது கட்டையும் பலகையும் ஒன்றையொன்று அழுத்தும் விசை, 11.8 நியூட்டன். உராய்வுக் குணகம், அதாவது உராய்வு விசையைச் செங்குத்து விசையால் வகுத்தால் வரும் எண், 0.4 என்றால் முள் 4.7 அருகே நிற்கும்.

*தராசுக்குள்ளேயே உரசல்.* தராசைப் படுக்கையாக வைக்கும்போது உள்ளே இருக்கும் தண்டு கூட்டில் உரசும். கொக்கியை லேசாக இழுத்து விடுங்கள். முள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்குத் திரும்பினால் காரணம் இதுதான். விரலால் கூட்டைத் தட்டினால் சரியான இடத்துக்கு வருகிறதா பாருங்கள். வந்தால் தட்டித்தட்டிப் பயன்படுத்தலாம். வராவிட்டால் அந்தத் தராசைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, நூலைக் கப்பி வழியே கட்டைக்குக் கொண்டுபோங்கள்.

*எப்போது வேறு ஆளிடம் போவது:* தராசில் 100, 200, 300, 400 கிராம் எடைகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒவ்வொன்றுக்கும் முள் நகரும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளிகள் சமமாக இல்லையென்றால் சுருள் அதன் எல்லையைத் தாண்டி இழுபட்டுவிட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஆய்வக உதவியாளரிடம் கொடுத்துப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். மின்னணு விசை உணரி என்றால் முதலில் சுழியைத் திரும்ப அமையுங்கள். அதன்பிறகும் தெரிந்த எடையைத் தவறாகக் காட்டினால் விற்றவரின் பழுதுபார்ப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அறிகுறி: அதே கட்டை, அதே பலகை, ஒவ்வொரு முறையும் வேறு மதிப்பு

ஒரு விஷயம் முதலில் தெளிவாகட்டும். உராய்வுக் குணகம் என்பது அடர்த்தி மாதிரி ஒரு பொருளுக்கு நிலையாக உரியது அல்ல. இரண்டு பரப்புகள் அந்த நேரத்தில் இருக்கும் நிலையைச் சொல்லும் எண் அது. மரத்தின்மேல் மரம் என்றால் அட்டவணைகளில் 0.25 முதல் 0.5 வரை போட்டிருப்பார்கள். அவ்வளவு அகலமான எல்லை அச்சுப்பிழை இல்லை. ஒரே குழுவின் அளவுகள் பத்து சதவீதம் முன்பின் இருந்தால் நான் அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் சிதறினால் கீழே பாருங்கள்.

*விரல் பட்டிருக்கிறது.* கட்டையை மாணவர்கள் எங்கே பிடித்துத் தூக்குகிறார்கள் என்று கவனியுங்கள். அடிப்பக்கத்தைத் தொட்டால் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஒட்டும். பக்கவாட்டில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள்.

*தடம் மாறுகிறது.* ஒருமுறை பலகையின் நடுவில், அடுத்தமுறை ஓரத்தில், அதற்கடுத்து முடிச்சு இருக்கும் இடத்தில் என்று கட்டை போய்க்கொண்டிருக்கும். பென்சிலால் இரண்டு கோடு போட்டு ஒரே பாதையில் ஓடவிடுங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையில் இழுப்பதற்கும் அதற்குக் குறுக்காக இழுப்பதற்கும் மதிப்பு வேறுபடும் என்பதால், கட்டையின் எந்த முனை முன்னால் போகிறது என்பதற்கும் ஒரு அடையாளம் வைத்துவிடுங்கள்.

*தடம் தேய்கிறது.* அளவுகள் மேலும் கீழுமாகச் சிதறாமல் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், ஓட ஓடப் பரப்பு வழவழப்பாகிறது என்று பொருள். உப்புத்தாள் ஒட்டியிருந்தால் இது மிக வேகமாக நடக்கும், ஏனென்றால் மணல் உதிர்ந்து உருளத் தொடங்கிவிடும். தூரிகையால் தட்டிவிட்டு அளவெடுங்கள், அல்லது தாளை மாற்றுங்கள். வெறும் மரம் என்றால் அளவெடுக்கும் முன்பே தடத்தில் கட்டையைச் சிலமுறை ஓடவிட்டுப் பழக்கிவிடுவது நல்லது.

*காத்திருக்கும் நேரம் மாறுகிறது.* இது பலருக்குத் தோன்றாது. ஓய்வுநிலை உராய்வை, அதாவது அசையாமல் நிற்கும் கட்டையை நகரவிடாமல் தடுக்கும் உராய்வை, அளக்கும்போது கட்டை எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது என்பதைப் பொறுத்தும் மதிப்பு ஏறும். மரத்தில் இதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கூலும் (Coulomb) என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் அளந்து காட்டினார். ஒரு மாணவர் எடையை வைத்த உடனே இழுக்கிறார், இன்னொருவர் பேசிக்கொண்டிருந்துவிட்டு இழுக்கிறார் என்றால் இரண்டும் ஒரே சோதனை இல்லை. எடை வைத்ததும் பத்து எண்ணிவிட்டு இழுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள்.

*பலகை சாய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது.* ஒரு பாகைச் சாய்வே கட்டையின் எடையில் கிட்டத்தட்ட 1.7 சதவீதத்தை இழுவிசையில் கூட்டியோ குறைத்தோ காட்டும். குணகம் 0.3 என்றால் விடையில் ஆறு சதவீதம் போய்விட்டது. ரசமட்டம் இல்லாமலே இதைப் பிடிக்கலாம். வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை இழுங்கள். இரண்டும் வேறுபட்டால், பலகையை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி இரு பக்கமும் இழுங்கள். அதிகமாக வந்த பக்கம் மேசையோடு அதே இடத்தில் நின்றால் மேசை சாய்ந்திருக்கிறது, கால்களுக்கு அடியில் அட்டை வைத்தால் தீர்ந்தது. பலகையோடு சேர்ந்து அதுவும் திரும்பினால் குற்றவாளி பலகையின் பரப்புதான்.

வளைவைப் பார்க்க இரும்பு அளவுகோலின் விளிம்பைப் பலகைமேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். ஊடே ஒளி தெரிந்தால் இழைப்புளி போட வேண்டும். அது தச்சரின் வேலை. வகுப்பில் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்ய முயன்றால் நடுவில் பள்ளம் விழும், நிலைமை இன்னும் மோசமாகும்.

அறிகுறி: அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, ஆனால் எல்லாமே குறைவாகவோ எல்லாமே அதிகமாகவோ வருகின்றன

சிதறல் இல்லாத பிழை ஆபத்தானது. மாணவர் நம்பிக்கையோடு தவறான எண்ணை எழுதிவிடுவார்.

குறைவாக வந்தால் முதலில் நூலின் திசையைப் பாருங்கள். தராசைக் கையில் பிடிக்கும் மாணவர் தன்னையறியாமல் மேல்நோக்கி இழுப்பார். அப்போது கட்டையின் எடையில் ஒரு பங்கை நூலே தாங்கிக்கொள்கிறது, செங்குத்து விசை குறைகிறது. குணகம் 0.4 உள்ள பரப்பில் 15 பாகை மேல்நோக்கி இழுத்தால் தராசு ஆறரை சதவீதம் குறைவாகக் காட்டும். கொக்கி தாழ்வாக இருந்தால் தராசு பலகையில் இடிக்கும், உயரமாக இருந்தால் கை மேலே போகும். தராசுக்கு அடியில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து உயரத்தைச் சமன் செய்தால் போதும்.

அடுத்தது தராசின் சுழிப்பிழை. சுருள்வில் தராசைத் தொங்கவிட்ட நிலையில்தான் சுழியை அமைத்திருப்பார்கள். அந்த நிலையில் கொக்கியின் எடையும் சுருளின் சொந்த எடையும் சேர்ந்து சுருளைக் கொஞ்சம் நீட்டி வைத்திருக்கும். படுக்க வைத்தால் அந்த நீட்சி போய்விடும், முள் சுழிக்குக் கீழே இறங்கும். ஆகவே கிடைமட்டமாக எடுக்கும் ஒவ்வொரு அளவும் அந்த அளவுக்குக் குறைவு. தராசைப் படுக்க வைத்த நிலையிலேயே திருகைத் திருப்பிச் சுழியை அமையுங்கள். திருகு இல்லாத தராசு என்றால் பிழையை எழுதி வைத்துக்கொண்டு கூட்டிக்கொள்ளலாம். முள் அடித்தடுப்பில் முட்டி நின்றால் பிழை எவ்வளவு என்றே தெரியாது, அந்தத் தராசைச் செங்குத்தாக மட்டும் பயன்படுத்துங்கள்.

அதிகமாக வந்தால் கப்பியைச் சந்தேகியுங்கள். நூலின் இரு பக்கமும் சமமாக 100 கிராம் தொங்கவிட்டு, ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்ன எடையாகக் கூட்டுங்கள். எவ்வளவு கூட்டினால் அசைகிறதோ அவ்வளவைக் கப்பியின் அச்சு விழுங்குகிறது. 2 கிராமில் அசைந்தால் விட்டுவிடலாம். 10 கிராம் வரை அசையவில்லை என்றால் அச்சில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விடுங்கள், நூல் ஓடும் பள்ளத்தில் எண்ணெய் படக்கூடாது. அப்படியும் அடங்காத கப்பியை மாற்றத்தான் வேண்டும்.

கப்பி நன்றாக ஓடியும் இயக்க உராய்வு (ஓடிக்கொண்டிருக்கும் கட்டைமேல் உள்ள உராய்வு) அதிகமாக வருகிறதென்றால், கட்டை முடுக்கத்தோடு ஓடியபோது தட்டில் இருந்த எடையை மாணவர் எழுதியிருப்பார். அந்த எடையின் ஒரு பகுதி உராய்வை வெல்வதற்கு, மீதி முடுக்கம் கொடுப்பதற்கு. எடையைக் குறைத்து, கட்டையை விரலால் லேசாகத் தள்ளிவிட்டு, அது வேகம் கூடாமல் குறையாமல் போகும் எடையைத் தேடச் சொல்லுங்கள்.

அறிகுறி: வரைபடத்தில் கோடு ஆதிப்புள்ளி வழியே போகவில்லை

கிடை அச்சில் செங்குத்து விசையையும் நிலை அச்சில் உராய்வு விசையையும் குறித்து வரையும் படம் இது. இதில் கோடே காரணத்தைச் சொல்லிவிடும்.

*கோடு நேராக இருக்கிறது, ஆனால் மேலே வெட்டுகிறது.* கிடை அச்சில் கட்டைமேல் வைத்த எடையை மட்டும் குறித்திருப்பார்கள், கட்டையின் சொந்த எடையை மறந்திருப்பார்கள். சோதித்துப் பார்ப்பது எளிது. கோட்டை இடப்பக்கம் நீட்டுங்கள். கிடை அச்சை அது எங்கே வெட்டுகிறதோ அந்த எண், குறியை விட்டுவிட்டால், கட்டையின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். 200 கிராம் கட்டை என்றால் 1.96 நியூட்டன். இந்த இடத்தில் விடையை நேரே சொல்லிவிடாதீர்கள். கோட்டை நீட்டச் சொல்லிவிட்டு, அந்த எண்ணை மேசைமேல் எங்காவது பார்க்க முடிகிறதா என்று கேளுங்கள். கட்டையை எடுத்து எடை போட்டுப் பார்க்கும் மாணவரின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

*கோடு கீழே வெட்டுகிறது.* கப்பி முறை என்றால் எடைத்தட்டின் எடை விட்டுப்போயிருக்கும். 50 கிராம் தட்டு என்றால் எல்லாப் புள்ளிகளும் 0.49 நியூட்டன் கீழே இருக்கும். சுருள்வில் தராசு முறை என்றால் மேலே சொன்ன சுழிப்பிழை.

*தொடக்கத்தில் நேர், பிறகு வளைகிறது.* அதிக எடையில் கோடு மேல்நோக்கி வளைந்தால் பலகை நடுவில் தொய்கிறதா பாருங்கள். எந்தப் பக்கம் வளைந்தாலும் தராசின் சுருள்மேலும் சந்தேகம் வர வேண்டும்.

*புள்ளிகள் கோட்டிலேயே இல்லை.* வரைபடத்தில் தேடாதீர்கள், முந்தைய அறிகுறிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்று பாடம் சொல்கிறது, சோதனையில் தெரியவில்லை

உச்ச அளவு கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகிறது, அவ்வளவுதான். கைப்பேசியில் ஸ்லோமோஷனில் படமெடுத்து, கட்டை அசையும் தருணத்தில் நிறுத்திப் பாருங்கள். கட்டைமேல் எடையைக் கூட்டினால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் கூடும், பார்ப்பது எளிதாகும்.

கைப்பேசி இல்லாத வகுப்புக்கு இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. எடைத்தட்டுக்குப் பதிலாக ஒரு காலிப் புட்டியைத் தொங்கவிட்டு அதில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எடைக்கல்லை வைக்கும்போது வரும் அதிர்ச்சி இதில் இல்லை. கட்டை நழுவியதும் ஊற்றுவதை நிறுத்திப் புட்டியை எடை போடுங்கள், அது எல்லை உராய்வு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்துக்கொண்டே, கட்டையைத் தட்டிவிட்டால் சமவேகத்தில் போகும் நிலைக்கு வாருங்கள். இரண்டு எடைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தண்ணீர் மட்டமாகவே கண்ணால் பார்க்கிறார்கள். புட்டிக்கு நேர் கீழே ஒரு வாளி வைக்க மறக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் வேறுபாடு இல்லையா? சில பரப்பு இணைகளில் இரண்டும் மிக நெருக்கமாகவே இருக்கும். டெஃப்லான்மேல் டெஃப்லான் என்றால் இரண்டும் 0.04 என்றே அட்டவணைகளில் இருக்கும். பரப்பை மாற்றுங்கள், மாணவரைத் திட்டாதீர்கள்.

அறிகுறி: கட்டையின் வேறு பக்கத்தை வைத்தால் உராய்வு மாறுகிறது

தொடும் பரப்பின் அளவைப் பொறுத்து உராய்வு மாறாது என்று 1699இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அமான்டன் (Amontons) சொன்னதை நாம் விதியாகச் சொல்லிக்கொடுக்கிறோம். மாணவர் கட்டையைத் திருப்பி வைத்ததும் அந்த விதி மேசையிலேயே உடைகிறது. பெரும்பாலும் உடைந்தது விதி இல்லை. அகலமான பக்கத்தைத் தச்சர் இழைத்திருப்பார், குறுகிய பக்கத்தை ரம்பத்தால் அறுத்ததோடு விட்டிருப்பார். பரப்பின் அளவோடு பரப்பின் தன்மையும் சேர்ந்து மாறிவிட்டது.

எல்லாப் பக்கங்களிலும் ஒரே தாளை இறுக்கமாக ஒட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஓரங்கள் மடிந்து தூக்கிக்கொண்டிருந்தால் அவை பலகையைச் சுரண்டும், கவனம். இதைவிடத் தெளிவான முறை, ஒரே மாதிரி இரண்டு கட்டைகளை எடுத்துக்கொள்வது. முதலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இழுங்கள், பிறகு நூலால் பிணைத்து ஒன்றன்பின் ஒன்றாக இழுங்கள். மொத்த எடை அதேதான், தொடும் பரப்பு மட்டும் இரண்டு மடங்கு. இரண்டு அளவும் ஒத்துவருவதைப் பார்த்த பிறகு அந்த விதியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குறுகிய பக்கத்தில் நிற்கும் கட்டை முன்னால் சாய்ந்து ஆடினால் நூலைக் கீழே இறக்கிக் கட்டுங்கள். பரப்பில் ரப்பர் அல்லது பிசின் நாடா இருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவை அமான்டன் விதிக்குச் சரியாகக் கட்டுப்படாதவை, அவற்றில் பரப்பு உண்மையாகவே பங்கு வகிக்கிறது. விதியின் எல்லையைக் காட்ட அவை அருமையான பொருள்கள், ஆனால் அது வேறொரு நாளின் பாடம்.

அறிகுறி: சாய்தளத்தில் சறுக்கும் கோணம் ஒத்துவரவில்லை

பலகையைக் கையால் தூக்கினால் கை நடுக்கமே கட்டையைத் தட்டிவிடும், சீக்கிரமே சறுக்கும். பலகையின் முனைக்கு நூல் கட்டிக் கப்பி வழியே மெதுவாக இழுத்து உயர்த்துங்கள். கோணமானியில் ஒரு பாகை தவறினால் 20 பாகை அருகே குணகத்தில் 0.02 மாறும். அதனால் கோணத்தையே அளக்காதீர்கள். பலகை முனையின் உயரத்தையும் அதன் அடித்தள நீளத்தையும் அளவுகோலால் அளந்து வகுத்துவிடுங்கள், அந்த விகிதமே ஓய்வுநிலை உராய்வுக் குணகம்.

சாய்தளத்தில் கிடைத்த குணகம் கிடைமட்டப் பலகையில் கிடைத்ததோடு ஒத்துவரவில்லை என்று சொன்னால், இரண்டும் ஒரே வகை உராய்வா என்று கேளுங்கள். தானாகச் சறுக்கத் தொடங்கும் கோணம் ஓய்வுநிலைக்கு உரியது. தட்டிவிட்டபின் சமவேகத்தில் சறுக்கும் கோணம் இயக்க உராய்வுக்கு உரியது.

*கட்டை சறுக்காமல் கவிழ்கிறது.* கட்டை உயரமாக நிற்கிறது. சரிவின் திசையில் 5 செண்டிமீட்டர் நீளமும் 10 செண்டிமீட்டர் உயரமும் உள்ள கட்டை, பலகை முனையின் உயரத்துக்கும் அதன் அடித்தள நீளத்துக்குமான விகிதம் 0.5ஐ எட்டியதும், அதாவது ஏறத்தாழ 26.6 பாகையில் கவிழும். பரப்பின் குணகம் அதைவிட அதிகமென்றால் சறுக்குவதற்கு வாய்ப்பே இல்லை. படுக்க வையுங்கள்.

அறிகுறி: குணகம் 1ஐத் தாண்டிவிட்டது

மாணவர் பயந்துபோய் அழித்துவிடுவார். அழிக்க விடாதீர்கள். குணகம் 1ஐத் தாண்டக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ரப்பர், நன்றாகக் கழுவி உலர்த்திய கண்ணாடி போன்றவற்றில் 1 அருகேயோ அதற்கு மேலேயோ வருவது இயல்பு. மரத்தின்மேல் மரத்துக்கு வந்திருந்தால் மட்டும் கணக்கைப் பாருங்கள். கிராமை நியூட்டனாக மாற்றாமல் விட்டிருப்பார், அல்லது வகுத்தலில் மேல் கீழ் மாறியிருக்கும்.

அறிகுறி: அளவுகள் எல்லாம் சரி, விடைத்தாளில் மட்டும் தவறு

இப்போதுதான் கருவியை விட்டுவிட்டு மாணவர் பக்கம் வரலாம்.

*கட்டை அசையாதபோதும் உராய்வு என்பது குணகம் பெருக்கல் செங்குத்து விசை என்று எழுதுகிறார்.* இதுதான் இருப்பதிலேயே ஆழமான பிழை, விளக்கிச் சொல்வதால் போகாது. எல்லை உராய்வு 0.8 நியூட்டன் உள்ள கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 0.2 நியூட்டன் இழுத்து நிறுத்துங்கள். கட்டை அசையவில்லை, இப்போது உராய்வு எவ்வளவு? 0.4, 0.6 என்று ஏற்றிக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் நிறுத்திக் கேட்டு, மாணவரே இரண்டு நெடுவரிசையாக எழுதட்டும். உராய்வு 0.8 என்று முதல் வரியிலேயே எழுதினால், "அப்படியானால் கட்டை பின்பக்கமாகப் போயிருக்க வேண்டுமே?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் பேசாதீர்கள், நேரம் கொடுங்கள்.

*சமவேகத்தில் போக இழுவிசை உராய்வைவிட அதிகமாக வேண்டும் என்கிறார்.* இது உராய்வுப் பிழை இல்லை, நியூட்டனின் முதல் விதி இன்னும் மனதில் உட்காரவில்லை. தனித்த பொருள் விசைப்படம் (கட்டைமேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம்) வரையச் சொல்லி, அதிகமாக இருக்கும் விசை என்ன செய்யும் என்று கேளுங்கள்.

*உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர் என்கிறார்.* ஒரு தாளின்மேல் கட்டையை வைத்துத் தாளை மெதுவாக இழுங்கள். கட்டை தாளோடு வருகிறது. கட்டையை முன்னால் கொண்டுவந்த விசை எது? உராய்வைத் தவிர அந்தத் திசையில் அதைத் தொடுவது வேறெதுவும் இல்லை. பரப்புகளுக்கு இடையிலான சார்பு நகர்வைத்தான் உராய்வு எதிர்க்கிறது என்பது அப்போது அவர்கள் வாயிலிருந்தே வரும். நாம் காலால் நடப்பது எப்படி என்ற கேள்வியைப் பிறகு கேட்கலாம்.

*செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்கிறார்.* மின்னணு எடைத்தராசு ஒன்றைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் நழுவாத பொருளை வைத்துப் பலகையைச் சாயுங்கள். எண் இறங்கும். 30 பாகையில் கிடைமட்ட அளவின் ஏறத்தாழ 0.87 பங்கு வரும்.

*வழவழப்பாக இருந்தால் உராய்வே இருக்காது என்கிறார்.* இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சோப்புப்போட்டுக் கழுவி உலர்த்தி ஒன்றின்மேல் ஒன்று தள்ளச் சொல்லுங்கள். ஓரம் மழுக்கிய கண்ணாடியாக இருக்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மாணவர் சாய்தளக் கணக்கில் மட்டும் தடுமாறுகிறார் என்றால், உராய்வை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் செங்கோண முக்கோணம் ஒன்றை வரைந்து, எந்தப் பக்கத்தை எதனால் வகுத்தால் டேன் வரும் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே நின்றுவிட்டால் இது இயற்பியல் ஆசிரியர் தனியாகத் தீர்க்கும் கோளாறு இல்லை. கணித ஆசிரியரோடு உட்கார்ந்து, அந்த மாணவருக்கு முக்கோணவியல் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று பாருங்கள். அதுவரை சாய்தளக் கணக்கைக் கொடுக்காமல், கிடைமட்டப் பலகையிலேயே வேலை செய்ய விடுங்கள்.